நாத்தனாரின் பட்டு ஜாக்கெட் கெட்டதற்கு உங்கள் எண்ணம் காரணமல்ல

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து எழுதியிருக்கிறார் இந்தச் சகோதரி. வயது 36. பத்தாம் வகுப்பு வரை படித்தவர். கணவர் கிரானைட் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை பார்க்கிறார். மகள் பத்தாவது, மகன் ஆறாவது. மாம்பழ சீசனில் இவர் மாங்கூழ் ஆலைக்குப் போவார். சீசன் முடிந்தால் நூறு நாள் வேலை, அதுவும் இல்லாத நாட்களில் வீடு. மகளிர் குழுவில் கடன் வாங்கி 6,500 ரூபாய்க்கு ஒரு பழைய தையல் மெஷின் வாங்கியிருக்கிறார். "யார் வாசலிலும் போய் நிற்காமல் நானே கற்றுக்கொண்டு தைத்துக் காட்டுவேன்" என்று வைராக்கியம்.

ஐந்து மாதமாக, தினமும் இரவு போனில் தையல் வீடியோ பார்க்கிறார். காலையில் நாலரைக்கு எழுந்து, யூடியூபில் தன்னம்பிக்கைப் பேச்சு ஒன்று கேட்கிறார். அந்தப் பேச்சாளர் சொன்னபடி, "நான் சிறந்த தையல் கலைஞர்" என்று நோட்டில் 21 முறை எழுதுகிறார். 21 நாள் தொடர்ந்து எழுத வேண்டும், ஒரு நாள் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது விதியாம். மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் விட்டுப்போயிருக்கிறது. மகனுக்குக் காய்ச்சல், ஊரில் ஒரு சாவு, ஆலையில் இரவு ஷிஃப்ட் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம்.

இந்த நேரத்தில் நாத்தனார் தன் பட்டுப்புடவை ஜாக்கெட் துணியைக் கொடுத்துத் தைக்கச் சொல்லியிருக்கிறார். தைத்ததைப் போட்டுப் பார்த்தால் தோள்பட்டை நழுவுகிறது, இரண்டு கையும் முன்பக்கம் இழுத்துப் பிடிக்கிறது. விசேஷ வீட்டில் நாலு பேர் நடுவே நாத்தனார் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அன்றிலிருந்து துணியில் கத்திரி வைத்தாலே கை நடுங்குகிறதாம். அதே பேச்சாளரின் ஆட்களுக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டதற்கு, "உங்கள் ஆழ்மனத்தில் எதிர்மறை எண்ணம் அடைத்திருக்கிறது. 18,000 ரூபாய் மனவலிமைப் பயிற்சியில் சேருங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. 1,500 ரூபாய் முன்பணமும் கட்டிவிட்டார். மீதிக்குத் தோட்டை அடகு வைக்கலாமா என்பது முதல் கேள்வி. "எனக்கு விடாமுயற்சி கிடையாதா, வயசாகிவிட்டதா?" என்பது இரண்டாவது.

சகோதரி, முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். தோடு காதிலேயே இருக்கட்டும். இரண்டாவது கேள்விக்குத்தான் நிறைய எழுத வேண்டியிருக்கிறது.

ஐந்து மாதம் நாலரை மணிக்கு எழுந்தவர் நீங்கள். ஆலையில் நின்று வேலை செய்துவிட்டு வந்து, இரவில் வீடியோ பார்த்துக் குறிப்பெடுத்தவர். பட்டுத் துணி கெட்டபிறகும் மெஷினை விற்காமல், ஆறு பக்கக் கடிதம் எழுதி வழி கேட்பவர். உங்களுக்கு விடாமுயற்சி இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது வேண்டிய அளவு இருக்கிறது. அதை எங்கே செலவழிக்கிறீர்கள் என்பதுதான் சிக்கல். உங்கள் ஒரு நாளைக் கடிதத்திலிருந்தே கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் பேச்சு கேட்பதும் எழுதுவதும் முக்கால் மணி நேரம், இரவில் வீடியோ இரண்டு மணி நேரம். மெஷினில் உட்காருவது? "நேரம் கிடைத்தால், வாரத்தில் ஒரு நாள் ரெண்டு நாள்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஒரு தையல்காரரிடம் காட்டினேன்

பதில் எழுத உட்காருமுன், உங்கள் கடிதத்தில் ஜாக்கெட்டைப் பற்றிய பகுதியை மட்டும் தர்மபுரியில் எனக்குத் துணி தைக்கும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை. அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே சொன்னார்: "கையை மாத்தி வெச்சுத் தெச்சிருக்கும். வலது கை இடதுல, இடது கை வலதுல."

ஜாக்கெட் கையின் மேல் வளைவு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காதாம். முன்பக்கம் வரும் வளைவைச் சற்று ஆழமாக வெட்ட வேண்டும், பின்பக்கம் அவ்வளவு வேண்டாம். வெட்டியதும் முன்பக்கம் எது என்று சாக்பீஸால் ஒரு குறி போடாவிட்டால், புதிதாகப் பழகுகிறவர்கள் மாற்றி வைத்துவிடுவார்கள். போட்டுப் பார்த்தால் கை முன்னால் இழுக்கும். தோள் நழுவுவதற்கும் காரணம் சொன்னார். பின்கழுத்தை ஒன்பது இஞ்ச் இறக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவு இறக்கம் வைத்தால் கழுத்தின் அகலத்தைக் குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் தோளில் பிடிமானம் இருக்காது, மேலே ஒரு நாடா கட்டியாவது நிறுத்த வேண்டும் என்றார். "இதெல்லாம் எல்லாருக்கும் வர்றதுதான். பட்டுல வந்ததுதான் பாவம்."

உங்கள் ஆழ்மனத்தில் அடைத்திருப்பதாகச் சொல்லப்பட்ட 18,000 ரூபாய் பிரச்சினை இவ்வளவுதான். ஒரு சாக்பீஸ் குறி, கழுத்து அகலத்தில் கொஞ்சம். இதற்கு எந்த எண்ணமும் பொறுப்பல்ல.

21 முறை எழுதுவது பற்றி

நம்பிக்கையாக நினைப்பதை நான் குறை சொல்லவில்லை. 'என்னால் முடியாது' என்றே நினைத்துக்கொண்டிருப்பவர் மெஷின் பக்கமே போகமாட்டார். ஆனால் மனம் ஒப்புக்கொள்ளாத ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது வேறொன்று நடக்கிறது. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் ஜோன் வுட்டும் அவருடன் சேர்ந்தவர்களும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தன்னைப் பற்றி உயர்வாக நினைக்காதவர்களை, "நான் அன்புக்குரியவர்" என்று தனக்குத்தானே திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னவர்களின் மனநிலை, சொல்லாதவர்களைவிட மோசமாகிவிட்டது. ஏற்கெனவே தன்மீது நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு மட்டும் சிறிது பலன் இருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். "நான் சிறந்த தையல் கலைஞர்" என்று நீங்கள் எழுதும்போது, அலமாரியில் கிடக்கும் அந்தப் பட்டு ஜாக்கெட் உள்ளே இருந்து "அப்படியா?" என்று கேட்கிறது. 21 முறை எழுதினால் 21 முறை கேட்கும்.

நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். எழுதுவதை மட்டும் மாற்றுங்கள். தைத்து முடித்ததும் இப்படி மூன்று வரி போதும்: 'இன்று கை இரண்டும் வைத்தேன். இடது கையில் அக்குள் பக்கம் சுருக்கம் வந்தது. பிரித்து, மறுபடி வைக்கும்போது நடுவிலிருந்து குண்டூசி குத்தினேன், சுருக்கம் குறைந்தது.' நீங்கள் சிறந்தவரா இல்லையா என்ற தீர்ப்பே அதில் வர வேண்டாம்.

தன்னால் முடியும் என்ற உணர்வு மனிதருக்கு எங்கிருந்து வருகிறது என்பதை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் ஆல்பர்ட் பண்டூரா. 1977இல் அவர் எழுதிய கட்டுரையில் நான்கு வழிகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை, உடம்பின் பதற்றமோ அமைதியோ. நான்கில் முதலாவதற்குத்தான் பலம் அதிகம் என்பது அவர் முடிவு. நீங்கள் ஐந்து மாதமாக மூன்றாவது வழியிலேயே நின்றுகொண்டிருக்கிறீர்கள், அதுவும் உங்களைத் தெரியாத ஒருவரின் வார்த்தையில்.

பார்த்தது வேறு, கை பழகியது வேறு

"வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, மெஷினில் உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. என் மூளையில்தான் கோளாறு" என்று எழுதியிருக்கிறீர்கள். கோளாறு எதுவும் இல்லை, இது எல்லாருக்கும் நடப்பது. 2018இல் மைக்கேல் கர்தாஸ், எட் ஓ'பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் இதையே சோதித்துப் பார்த்தார்கள். பலகையில் குறிபார்த்துச் சிற்றம்பு எறியும் வீடியோவைச் சிலருக்கு ஒரு முறையும், சிலருக்கு 20 முறையும் காட்டினார்கள். 20 முறை பார்த்தவர்கள், 'நாம் நன்றாக எறிவோம்' என்று அதிகம் நம்பினார்கள். எறியச் சொன்னபோது, ஒரு முறை பார்த்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. இன்னொரு சோதனையில், மூன்று கட்டைகளை மாற்றி மாற்றி மேலே எறிந்து பிடிக்கும் வித்தையைக் காட்டிவிட்டு, சிலரிடம் கட்டைகளைச் சற்று நேரம் கையில் பிடித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். பிடித்துப் பார்த்த மாத்திரத்திலேயே அந்த மிதப்பு குறைந்துவிட்டது. கட்டையின் கனம் கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும்.

வீடியோவில் துணி நழுவுவதில்லை. பாபின் நூல் சிக்குவதில்லை. அவர்கள் நல்ல மெஷினில், கஞ்சி போட்ட காட்டனில், பத்து வருடம் பழகிய கையால் தைக்கிறார்கள். நடுவில் சொதப்பியதையெல்லாம் வெட்டி எடுத்துவிட்டுத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். ஆகவே வீடியோவை விட வேண்டியதில்லை, அளவை மாற்றுங்கள். ஐந்து நிமிடம் பாருங்கள், நிறுத்துங்கள், போனைக் கவிழ்த்துவிட்டு அதைத் துணியில் செய்யுங்கள். எங்கே முட்டுகிறதோ அந்த இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள்.

அந்தப் பேச்சாளர் அடிக்கடி ஜி.டி. நாயுடுவை உதாரணம் காட்டுவதாகவும், "அவர் பள்ளிக்கூடப் படிப்பே இல்லாமல் மன உறுதியால் மட்டுமே சாதித்தார், என்னால் முடியவில்லையே" என்றும் எழுதியிருந்தீர்கள். கோயம்புத்தூர்க்காரர் கதையைக் கொஞ்சம் முழுதாகப் பாருங்கள். இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டார். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார்? பாகம் பாகமாகக் கழற்றினார், திரும்ப மாட்டினார். மன உறுதி இருந்தது உண்மைதான். அந்த உறுதி போய் உட்கார ஒரு வண்டியும் இருந்தது. பேச்சில் வண்டியை விட்டுவிடுகிறார்கள்.

உங்களுக்கும் ஒரு வண்டி இருக்கிறது. உங்களிடம் நன்றாகப் பொருந்தும் பழைய ஜாக்கெட் ஒன்றாவது இருக்கும், நல்ல கை தைத்தது. கலர் போய்விட்டாலும் பரவாயில்லை. அதை எடுத்து, பிளேடு வைக்காமல், பிரிப்பானாலோ ஊசி நுனியாலோ தையல் தையலாகப் பிரியுங்கள். அவசரம் வேண்டாம், ஓரிரண்டு மதியம் ஆகலாம். பிரிக்கும்போது எந்தத் தையலுக்கு மேல் எந்தத் தையல் விழுந்திருக்கிறது என்று நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். கடைசியாகப் போட்டதுதான் முதலில் பிரியும். ஆகவே அந்தப் பட்டியலைக் கீழிருந்து மேலாக வாசித்தால் தைக்கும் வரிசை கிடைத்துவிடும். எந்த வீடியோவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தராது. பிரித்த துண்டுகளை இஸ்திரி போட்டு, செய்தித்தாளில் வைத்து வரைந்து வெட்டுங்கள். தையலுக்கு உள்ளே விட்ட துணியும் அதில் சேர்ந்தே இருக்கும், தனியாகக் கூட்ட வேண்டாம். கைத் துண்டை இரண்டாக மடித்துப் பாருங்கள். முன் வளைவும் பின் வளைவும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாமல் விலகி நிற்பது தெரியும். நாத்தனார் ஜாக்கெட்டில் நடந்தது என்ன என்று அப்போது யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

பிறகு பழைய வாயில் புடவையிலோ, கிழிந்த வேட்டியிலோ அதே காகிதத்தை வைத்து வெட்டித் தையுங்கள். ஒரு நாளில் முழு ஜாக்கெட்டை முடிக்க வேண்டும் என்ற கணக்கே வேண்டாம். கைதான் உங்களுக்குத் தகராறு என்றால், ஒரு வாரம் கை மட்டும் வையுங்கள். வைத்து, பிரித்து, மறுபடி வையுங்கள். கழுத்து உங்களுக்கு நன்றாக வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதைத் திரும்பத் திரும்பத் தைத்தால் மனதுக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் கற்றுக்கொள்ள அதில் ஒன்றுமில்லை.

யார் வாசலிலும் நிற்கக் கூடாது என்ற வைராக்கியம்

இதைத்தான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். தானாகக் கற்பது என்றால் யாரையும் கேட்காமல் கற்பது என்று நினைத்துவிட்டீர்கள். ஐந்து மாதம் தெரியாதிருந்த ஒன்று, தையல் தெரிந்த ஒருவரிடம் கேட்டதும் ஒரு நிமிடத்தில் தெரிந்ததே! 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், எழுதப் படிக்கச் சொல்லித்தந்த அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். ஒருத்தி மிதிக்க, இன்னொருத்தி சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினாள். சீட்டைப் பிடித்தவள் இருந்ததால் அவர்கள் கற்றது கற்றதில்லை என்று ஆகிவிடுமா?

காவேரிப்பட்டணம் கடைத்தெருவில் தையல் கடைகள் இருக்கும். புதிதாகத் தொழில் போட்டியாக வருகிறார் என்று சிலர் முகம் கொடுக்கமாட்டார்கள், அது இயல்பு. 'எனக்குத் தையல் சொல்லிக்கொடுங்கள்' என்று கேட்காதீர்கள், அது அவர்களுக்குப் பெரிய வேலை. தைத்த ஒன்றைக் கையில் எடுத்துப் போய், "இந்த இடத்தில் ஏன் இழுக்குது அக்கா?" என்று கேளுங்கள். ஒரு குறையைக் காட்டிக் கேட்டால் தொழில் தெரிந்தவர்களால் சும்மா இருக்க முடியாது. வேலை நெரிசல் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் போய் நின்றால் திட்டு விழும். கொக்கி வைக்க, ஓரம் மடித்துக் கையால் தைக்க ஆள் தேவைப்படும் கடைகள் உண்டு. சில நாள் அந்த வேலைக்குப் போவதும் நல்ல யோசனைதான். கூலி குறைவு, ஆனால் நாளெல்லாம் நல்ல வெட்டைப் பக்கத்தில் இருந்து பார்க்கலாம்.

முறையாகக் கற்க விரும்பினால் காசு செலவில்லாத இடம் ஒன்றிருக்கிறது. மாவட்டந்தோறும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் பெண்களுக்கான தையல் பயிற்சி உண்டு, வழக்கமாக ஒரு மாதம். கட்டணம் இல்லை, சாப்பாடும் அவர்களே தருவார்கள், முடிவில் சான்றிதழ் உண்டு. இந்தத் திட்டத்துக்கு முன்னோடி, 1982இல் கர்நாடகாவில் தர்மஸ்தலாவுக்குப் பக்கத்திலுள்ள உஜிரேயில் தொடங்கிய நிலையம். நீங்கள் மகளிர் குழுவில் இருப்பதால் வழி சுலபம். உங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பில் சொல்லிவைத்தால் அடுத்த தையல் பிரிவு எப்போது என்று கேட்டுச் சொல்வார்கள், அல்லது கிருஷ்ணகிரி ஆட்சியர் அலுவலகத்தில் மகளிர் திட்டப் பிரிவில் நேரில் விசாரியுங்கள். மாங்கூழ் சீசன் நடக்கும் மாதங்களோடு மோதாத பிரிவாகக் கேளுங்கள். பயிற்சி நடக்கும் மாதத்தில் கூலி போகும் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஐந்து மாதம் தனியாக முட்டிக்கொண்டது வீண் என்று நினைக்க வேண்டாம். எங்கே முட்டுகிறது என்று தெரிந்து பயிற்சிக்குப் போகிறவர் கேட்கும் கேள்வியே வேறு மாதிரி இருக்கும்.

21 நாள் கணக்கு

இந்த எண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன், மனது லேசாகும். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று கவனித்து 1960இல் எழுதினார். அது வாய்வழி பரவி, எந்தப் பழக்கமும் 21 நாளில் வந்துவிடும் என்று ஆகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கும் செயலுக்கும் தக்கபடி 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது. உங்களுக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான்: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. மகனுக்குக் காய்ச்சல் என்றால் அன்று மெஷினை மூடி வையுங்கள், மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்ற விதி, மனிதரைக் குற்றவாளியாக்கி அடுத்த வகுப்பை விற்கத்தான் உதவும்.

நாலரை மணிக்கு எழுவதையும் நிறுத்துங்கள். இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். பகலில் பழகிய வேலை மனதில் படிவதற்குத் தூக்கம் தேவை. மகன் பள்ளிக்குக் கிளம்பியதும் முக்கால் மணி நேரம் மெஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கட்டிய பணமும் கெட்ட துணியும்

1,500 ரூபாயை மறந்துவிட வேண்டாம். 'பயிற்சியில் சேர விருப்பமில்லை, முன்பணத்தைத் திருப்பித் தரவும்' என்று வாட்ஸ்அப்பிலேயே எழுத்தில் கேளுங்கள். போனில் பேசினால் மனதைக் கரைத்துவிடுவார்கள். பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட், அவர்கள் கொடுத்த வாக்குறுதி மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். அதற்கும் மசியவில்லை என்றால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனு போடலாம், சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. இவ்வளவு சிறு தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. பணம் வருமா என்றால், வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டாலும், 'ஏற்கெனவே 1,500 கட்டிவிட்டோமே' என்று மீதி 16,500ஐக் கட்டிவிடாதீர்கள்.

நாத்தனார் விஷயம். அவர் சிரித்தது உங்களுக்கு வலித்திருக்கிறது, நியாயம்தான். அவருடைய பட்டுத் துணி கெட்டதும் நிஜம். புடவையோடு வந்த துணி, அதே நிறத்தில் வேறு கிடைப்பது கடினம். விளக்கம் எதுவும் சொல்லாமல், "அண்ணி, அவசரப்பட்டு வாங்கிட்டேன். பிரிச்சு நல்ல டைலர்கிட்ட சரிபண்ணித் தர்றேன், கூலி என்னோடது" என்று சொல்லுங்கள். வயதில் இளையவர் என்றால் பேரைச் சொல்லியே பேசுங்கள். கையை மாற்றி வைத்தது மட்டும்தான் குறை என்றால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். டைலர் சரிசெய்யும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். அந்தக் கூலியைப் பயிற்சிக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தவர் துணி இப்போதைக்கு வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். வாங்கும் வரிசைதான் முக்கியம். புடவைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடிப்பது, நைட்டி சுருக்குவது, உள்பாவாடை, தலையணை உறை என்று தொடங்குங்கள். அடுத்து, இறுகிப்போன ஜாக்கெட்டைப் பிரித்துப் பெரிதாக்குவது. இதை மட்டும் எத்தனை வந்தாலும் தட்டாதீர்கள். வேறு வேறு கை தைத்ததை உள்ளே பிரித்துப் பார்க்க, உங்களுக்குக் காசும் கொடுக்கிறார்கள். காட்டன் ஜாக்கெட், லைனிங் ஜாக்கெட் எல்லாம் அதற்கப்புறம். பட்டு கடைசி.

கை நடுக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பழைய துணியில் கத்திரி வைக்கும்போது நடுங்குகிறதா என்று பாருங்கள். அப்போது இல்லை, அடுத்தவர் துணியில் மட்டும்தான் என்றால் அது சிரிப்புக்குப் பயந்த நடுக்கம், கை பழகப் பழக அடங்கும். ஆனால் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை இவையெல்லாம் நாள் முழுக்க, இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் தையலை ஒதுக்கிவைத்துவிட்டு கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். போனில் பேச வேண்டுமென்றால் 14416, டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயதைப் பற்றிய கவலைக்கு நீளமாகப் பதில் தேவையில்லை. 36 வயதில் கை பழகும். பதினாறு வயதுப் பெண்ணைவிடக் கொஞ்சம் மெதுவாகப் பழகலாம், ஆனால் பட்டுத் துணியைக் கெடுத்தால் என்ன ஆகும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

கடைசி வரியில், பத்தாவது படிக்கும் மகளையும் காலையில் எழுப்பி "நான் 450 மார்க் வாங்குவேன்" என்று 21 முறை எழுதச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அவளைத் தூங்க விடுங்கள். அதற்குப் பதில் மாலையில் அரை மணி நேரம் இதைச் செய்யச் சொல்லுங்கள். ஒரு பாடத்தைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவிருப்பதை வெள்ளைத்தாளில் எழுத வேண்டும், அல்லது நீங்கள் மெஷினில் இருக்கும்போது உங்களிடம் சொல்ல வேண்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பாடத்தை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முந்தினார்கள். உங்களுக்கு அந்தப் பாடம் புரிய வேண்டும் என்பதுகூட இல்லை. எந்த இடத்தில் திக்குகிறாள் என்று கவனித்தால் போதும், அந்தப் பக்கத்தை மட்டும் மறுபடி திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.